நூலகப் பணியாளர் பயிற்சி: ஒரு வரலாற்று நோக்கு

நூலகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன அடுக்கடுக்காய் நிற்கும் நூல்கள். அவற்றை அடுத்து, மூக்குக் கண்ணாடி அணிந்த நூலகர். நூலை அடுக்கிலிருந்து எடுத்துக் கொடுத்து, அது திரும்பி வந்ததும் உரிய இடத்தில் மீண்டும் வைக்கின்ற மனிதர் நம் நினைவில் எழுவதே இல்லை. உதவியாளர், ஏவலர், அட்டெண்டர் எனப் பல பெயர்களால் அவரை அழைக்கிறோம். பெயர் எதுவாயினும் இருக்கை என்னவோ அதே ஸ்டூல்தான். ஆயினும், ஐம்பதாயிரம் நூல்கள் உள்ள நிலையத்தில் ஒரு நூலை அவர் இரண்டு அலமாரி தள்ளி வைத்துவிட்டால், அந்நூல் தீக்கிரையானதற்கும் அதற்கும் வேறுபாடு அதிகமில்லை. பட்டியலில் அதன் பெயர் இருக்கும். வாசகர் கைக்கு அது வாராது.

இத்தகைய பணிக்கு முறையான பயிற்சி வேண்டும் என்னும் எண்ணம் தோன்றி ஒன்றரை நூற்றாண்டு கூட ஆகவில்லை. நம் நாட்டில் அது வேரூன்றிய வரலாற்றில், சீர்காழியிற் பிறந்த தமிழர் ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. தமிழகத்தை விட்டுத் தலைநகருக்கு வந்து வாழும் நாம், அவரும் நம்மைப் போலவே வட இந்தியாவில் பல்லாண்டு பணிபுரிந்தவர் என்பதையும் நினைவிற்கொண்டு இவ்வரலாற்றைக் காண்போம்.

பண்டைக் காலத்தில் சுவடி காப்போர்க்குப் பள்ளிக்கூடம் இருந்ததில்லை. ஏட்டுக்கு எண்ணெய் பூசுவது, பூச்சி அரிக்காமல் காப்பது, கயிறு கோத்துச் சட்டமிட்டுக் கட்டுவது ஆகியவற்றை மூத்தவர் அருகிருந்து இளையவர் பார்த்துப் பழகினர். தஞ்சைச் சரசுவதி மகாலில் உள்ள வடமொழிச் சுவடிகளுக்கு பர்னெல் என்னும் ஆங்கில அதிகாரி வகைப்படுத்திய பட்டியல் ஒன்றை 1880-இல் வெளியிட்டார். அதுவரை எந்தச் சுவடி எங்கே உள்ளது என்னும் அறிவு பெரும்பாலும் அங்கிருந்த பண்டிதர்களின் நினைவில்தான் வாழ்ந்தது. நினைவாற்றல் மிக்க ஒருவர் மறைந்தால் நூலகமே பாதி இருண்டுவிடும் நிலை அது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கூட நிலைமை மிக வேறாக இல்லை.

மாற்றம் அமெரிக்காவில் தோன்றியது. பதின்ம முறைப் பகுப்பை 1876-இல் வெளியிட்ட மெல்வில் டூயி, நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் 1887 சனவரியில் ஒரு நூலகப் பள்ளியைத் தொடங்கினார். முதல் வகுப்பின் மாணவர் இருபதின்மர். அவருள் பதினேழு பேர் பெண்கள். பெண்களைச் சேர்த்ததைக் கல்லூரி நிருவாகம் விரும்பவில்லை. வகுப்பறை தர மறுத்தனர். பயன்படாது கிடந்த அறை ஒன்றைச் சீர்செய்து டூயி பாடம் நடத்தினார். இரண்டே ஆண்டுகளில் அப்பள்ளி ஆல்பனி நகருக்குப் பெயர்ந்தது. அங்குக் கற்பித்தவற்றுள் ஒன்று நம்மை வியக்க வைக்கிறது. ‘நூலகக் கையெழுத்து’ என்பதே அது. யார் எழுதினாலும் ஒரே வடிவில், சாய்வின்றி, உருண்டையாக, தெளிவாக அமைய வேண்டிய எழுத்து. தட்டச்சுப் பொறி பரவாத காலம் அது. பட்டியல் அட்டையை எழுதுபவர் யார் என்பது படிப்பவர்க்குத் தெரியக் கூடாது. எழுதப்பட்டது மட்டுமே தெரிய வேண்டும். பயிற்சி என்பதன் அடிப்படையே இதில் அடங்கியுள்ளது எனலாம்.

இப்பள்ளியின் தொடர்பு வழியாகவே நூலகப் பயிற்சி இந்தியா வந்தது. பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட், போர்டன் என்னும் அமெரிக்க நூலகரை 1910-இல் வரவழைத்தார். 1911-இல் பரோடாவில் பயிற்சி வகுப்பு தொடங்கியது. மரப்பெட்டிகளில் நூல்களை நிரப்பிச் சிற்றூர்களுக்கு அனுப்பும் திட்டமும் அங்குச் செழித்தது. அடுத்து, டூயியின் மாணவரான ஆசா டான் டிக்கின்சன் லாகூரில் பஞ்சாப் பல்கலைக் கழகத்தின் சார்பில் 1915-இல் ஒரு வகுப்பை நடத்தினார். ஆந்திர நாட்டு நூலகச் சங்கத்தாரும் 1920-இல் பெசவாடாவில் பயிற்சி அளித்தனர். இவையெல்லாம் நற்றொடக்கங்களே. ஆனால் சென்னையில் நிகழ்ந்தது போல ஒரு தனித் துறையாகவே வளர்ந்து நாடெங்கும் பரவிய முயற்சி வேறொன்றில்லை.

சென்னைப் பல்கலைக் கழகம் நூலகர் ஒருவரைத் தேடி 1923-இல் விளம்பரம் செய்தபோது விண்ணப்பித்தோர் ஏறத்தாழத் தொள்ளாயிரவர் என்பர். அத்தனை பேருள் நூலகப் பயிற்சி பெற்றவர் ஒருவரும் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த சீர்காழி இராமாமிர்த அரங்கநாதன். 1924 சனவரியில் பணியேற்ற அவர், ஒரு வாரத்திற்குள்ளேயே அந்தத் தனிமையைப் பொறாமல், தம்மைக் கல்லூரிக்கே திருப்பி அனுப்புமாறு வேண்டினார். இங்கிலாந்து சென்று பயிற்சி பெற்று வந்த பின்னரும் இதே எண்ணம் இருந்தால் பார்க்கலாம் என்று பெரியோர் தடுத்தனர். அந்த ஒரு சொல் இந்திய நூலக வரலாற்றையே திருப்பிவிட்டது!

இலண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியில் 1919-இல் தொடங்கப்பெற்ற நூலகப் பள்ளியில் சேயர்சு என்னும் ஆசிரியரிடம் அவர் பயின்றார். வகுப்பறைப் பாடத்தை விட அவரை மாற்றியது சேயர்சு தலைமை தாங்கிய கிராய்டன் பொது நூலகம். கணிதப் பேராசிரியராக இருந்த ஒருவர், அங்கே புதிதாய் வேலைக்குச் சேர்ந்த பையனைப் போல ஒவ்வொரு மேசையிலும் நின்று வேலையைப் பழகினார். நூறுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரிற் கண்டார். குழந்தைகளும் தொழிலாளரும் தாமே அடுக்குகளுக்கிடையே உலவி நூல்களை எடுத்துச் செல்வதைக் கண்டு அவர் மனம் மாறியது. செல்ஃப்ரிட்ஜ் அங்காடியில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டு, சிறு துண்டுகளைப் பலவாறு பூட்டிப் பல பொருள்களை ஆக்குவது போலவே பகுப்பெண்ணையும் ஆக்கலாம் என்று அவர் கருதியதும், அதுவே பிற்காலத்தில் கோலன் பகுப்பாக மலர்ந்ததும் பலரும் அறிந்தவை. 1925-இல் கப்பலில் திரும்பும்போதே, கப்பல் நூலகத்தின் புத்தகங்களை அடுக்கி அம்முறையைச் சோதித்தார் என்றும் கூறுவர்.

சென்னை திரும்பியவர் கண்ட உண்மை ஒன்று. தாம் ஒருவர் மட்டும் கற்றவராய் இருப்பதாற் பயனில்லை. நூல்களைத் திறந்த அடுக்கில் வைத்தால் வாசகர் எடுப்பர். எடுத்ததை இடம் மாற்றி வைப்பர். நாள்தோறும் அவற்றைச் சீர்செய்யக் கைகள் வேண்டும். அக்கைகளுக்கு அறிவும் வேண்டும். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் நிறுவப்பட்டது. கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் தலைவர், அரங்கநாதன் செயலாளர். அவ்வாண்டு திசம்பரில் சிதம்பரத்தில் நடந்த மாகாணக் கல்வி மாநாட்டில் நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் எடுத்துரைத்தார். முதல் விதி, நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுவதற்கே என்னும் கருத்துடையது. அவர் அதைச் சொல்லத் தடுமாறிக் கொண்டிருந்தபோது, அச்சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய பழைய கணித ஆசிரியரான எட்வர்டு ராசு என்பது சுவையான செய்தி. மறு ஆண்டு, அதாவது 1929-இல், ஆசிரியர்களும் வந்து கலந்துகொள்ள ஏதுவாகக் கோடை விடுமுறையில் சங்கம் ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்தியது. 1931-இல் பல்கலைக் கழகமே அவ்வகுப்பை ஏற்றுக்கொண்டது. 1937-இல் அது ஓராண்டுப் பட்டயப் படிப்பாக உயர்ந்தது.

அங்குக் கற்பித்தவை யாவை? கோட்பாடு ஒருபுறம் இருக்கட்டும், வேலையைப் பார்ப்போம். 1935-இல் வெளிவந்த தமது நூலக நிருவாக நூலில், நூலகப் பணி முழுவதையும் சிறு சிறு செயல்களாகப் பிரித்துக் காட்டுகிறார் அரங்கநாதன். புது நூல் வந்ததும் அதன் முதுகு உடையாதபடி, முன்னும் பின்னும் சில சில பக்கங்களாக விரல்களால் நீவித் திறக்க வேண்டும். பதிவேட்டில் எண் இடவேண்டும். முத்திரை குத்தவேண்டும், படத்தின் மேல் குத்தலாகாது. தேதிச் சீட்டு ஒட்டவேண்டும். முதுகில் எண்ணட்டை எல்லா நூலுக்கும் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும். இல்லையேல் அடுக்கின்மேல் பார்வை ஓடாது. ஐந்து அங்குலத்துக்கு மூன்று அங்குலமான பட்டியல் அட்டையில், எந்தக் கோட்டில் ஆசிரியர் பெயர், எந்தக் கோட்டில் தலைப்பு என்பதற்கும் ஒழுங்குண்டு. பாமரர் பார்வைக்கு இவை அற்பம். பதினாயிரம் முறை தொடர்ந்து செய்ய வேண்டிய ஒருவருக்கோ இவையே தொழில்.

அடுக்குவதிலும் நுட்பம் உண்டு. டூயி பகுப்பில் தமிழ் இலக்கியத்திற்கு உரிய எண் 894.811, தமிழ்க் கவிதைக்கு 894.8111, மலையாள இலக்கியத்திற்கு 894.812. பயிற்சியில்லாதவர் 8111 பெரிய எண், 812 சிறிய எண் என்று கருதி, தமிழ்க் கவிதையை மலையாளத்திற்குப் பின்னே தள்ளிவிடுவார். புள்ளிக்குப் பின் வருவதைத் தசமமாகப் படிக்கவேண்டும் என்று ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தால் தீர்கின்ற பிழை இது; சொல்லிக் கொடுக்காவிட்டால் பாரதியைத் தேடி வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். ஆங்கில இலக்கியத்திற்கு 820 என மூன்று இலக்கம் போதும். ஈராயிரம் ஆண்டு மூத்த தமிழுக்கோ ஆறு இலக்கம் வேண்டும். மெல்லிய தமிழ்க் கவிதை நூலின் முதுகில் அந்த எண் கொள்ளாமல் அட்டைப் பக்கத்திற்கு வழிவதை நாம் கண்டிருக்கிறோம். அரங்கநாதன் தம் கோலன் பகுப்பில் தமிழுக்கு 31 என்னும் சிற்றெண்ணைக் கொடுத்தார். இலக்கியத்தைக் குறிக்கும் ஓர் எழுத்தின் பின் அந்த இரண்டு இலக்கம், முடிந்தது.

பெயர்ச் சிக்கல் இதனினும் பெரிது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மிக அண்மையதும் கூட. அலுவலகப் படிவத்தில் குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கும் எழுத்தரிடம் விளக்கிச் சலித்துப் போகாத தமிழர் இங்கு உண்டோ? தந்தை பெயரே குடும்பப் பெயராகி, மகள் பள்ளியில் தாத்தாவின் பெயரால் அழைக்கப்படும் வீடுகள் நம்மிடையே எத்தனை! நூற்பட்டியிலும் இதே தொல்லை. 1908-இல் வெளிவந்த ஆங்கில அமெரிக்கப் பட்டியல் விதிகள் மேலைநாட்டுக் குடும்பப் பெயரை அடிப்படையாகக் கொண்டவை. இறுதிச் சொல்லை முன்னே எழுது என்று அதன் வழி நின்று பழகிய உதவியாளர், இலட்சுமணசாமி முதலியாரை ‘முதலியார்’ என்பதன் கீழ் எழுதிவிடுவார். அப்படி எழுதினால் ஒரு பெட்டி நிறைய முதலியார்களும் ஒரு பெட்டி நிறைய ஐயர்களும் சேர்வார்களேயன்றி, ஆசிரியர் அகப்பட மாட்டார். கல்கத்தாவில் பணிபுரிந்து நோபெல் பரிசு பெற்ற இராமனின் இயற்பெயர் வேங்கடராமன். சந்திரசேகரர் அவர் தந்தையார். ஒரே பெயர் இரண்டாய் உடைந்து, பாதி முதலெழுத்தாகவும் பாதி பெயராகவும் உலகப் பட்டியல்களில் அமர்ந்துவிட்டது. 1934-இல் அரங்கநாதன் இயற்றிய பட்டியல் விதிநூலில் இந்தியப் பெயர்களுக்கெனத் தனி விதிகள் வகுத்தார். ஊர்ப்பெயர் எது, தந்தை பெயர் எது, தன் பெயர் எது என்று பிரித்தறிய உதவியாளருக்குக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இந்த அறிவைத் தமிழ்க் குடும்பத்திற் பிறந்தவர் தாய்ப்பாலோடு பெறுகிறார். பிறர்க்குப் பயிற்சிதான் வழி.

பயிற்சி பெற்றவர்களை அவர் எவ்வாறு மதித்தார் என்பதற்குச் சான்று ஒன்று போதும். 1940-இலும் 1941-இலும் வெளிவந்த, வாசகர்க்கு நூல் தேடித் தரும் பணி பற்றிய இரு தொகுதிகளில், தம் பெயரோடு தம் நூலகப் பணியாளர்களான சி. சுந்தரம், கே. எம். சிவராமன் ஆகியோர் பெயர்களையும் ஆசிரியராகப் பொறித்தார். கீழ்ப்பணியாளர் உழைப்பை மேலதிகாரி பெயரில் வெளியிடும் வழக்கம் மலிந்த நாட்டில் இது சிறிய செயலன்று. அதே வேளையில், அவரிடம் வேலை செய்வது எளிதாகவும் இருந்திராது. தம் திருமண நாளிலேயே நூலகத்திற்குத் திரும்பி வந்தவர் என்று சொல்லப்படும் தலைவரின் கீழ் யார் விடுப்புக் கேட்டிருப்பார்?

நூலகம் கட்டடத்திற்குள் மட்டும் இருந்துவிடவில்லை. 1931 அக்டோபர் 21-ஆம் நாள் மன்னார்குடி வட்டத்து மேலவாசலில், எஸ். வி. கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டு வண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. வண்டியோடு செல்லும் பணியாளருக்குப் பட்டணத்து மேசைப் பயிற்சி மட்டும் போதாது. எழுத்தறியாதவர்க்குப் படித்துக் காட்டவும், சென்ற முறை யார் என்ன எடுத்தார் என்பதை நினைவிற் கொள்ளவும், மழை வந்தால் முதலில் எந்தப் பக்கத்தை மூடவேண்டும் என்று அறியவும் வேண்டுமே.

1945-இல் அரங்கநாதன் சென்னையை விட்டு நீங்கினார். துணைவேந்தர் இராதாகிருஷ்ணன் அழைப்பிற்கிணங்கக் காசி இந்துப் பல்கலைக் கழகம் சென்று, ஏறத்தாழ ஓரிலக்கம் நூல்களைத் தாமே பகுத்துப் பட்டியலிட்டார் என்பர். இதனைப் பெருமையாகவே எல்லாரும் பேசுவர். அத்தனை பெரிய பல்கலைக் கழகத்தில் அவருக்குத் துணைநிற்கப் பயிற்சி பெற்ற பத்துப் பேர் இல்லை என்பதற்கும் அதுவே சான்றன்றோ? 1947-இல் தில்லிப் பல்கலைக் கழகத்திற்கு வந்தார். முழுமையான நூலகவியல் துறை அவர் வழிகாட்டலில் இங்கு உருவாகியது. அதற்கு அடுத்த ஆண்டு, அவிநாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதற் சட்டம் இதுவே. வீட்டு வரியோடு நூலக வரியும் தண்டி, மாவட்டந்தோறும் கிளைகள் திறக்க வழி பிறந்ததும், பயிற்சி பெற்ற உதவியாளரின் தேவை பன்மடங்காயிற்று.

தலைநகரில் 1951 அக்டோபர் 27-இல் நேரு தில்லிப் பொது நூலகத்தைத் திறந்து வைத்தார். யுனெஸ்கோவும் இந்திய அரசும் இணைந்து பழைய தில்லி இரயில் நிலையத்தருகே நிறுவிய அந்நூலகம், கட்டணமின்றித் திறந்த அடுக்கிலிருந்து நூல் தந்தது. பூட்டிய அலமாரிக்கே பழகிய பணியாளர்க்கு அது புது உலகம். கல்கத்தாவிலோ, மயிலாப்பூரிற் பிறந்த பி. எஸ். கேசவன் தேசிய நூலகத்தை நடத்தினார். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டின் எல்லா மொழி நூல்களும் அங்கு வந்து குவிந்தன. 1958 முதல் இந்திய தேசிய நூற்றொகை வெளிவந்தது. எல்லா மொழித் தலைப்புகளும் அதில் ரோமன் எழுத்தில் அச்சாயின. ‘ழ’கரத்தையும் ‘ற’கரத்தையும் புள்ளியும் கோடுமாய்க் குறித்து, ஒவ்வொரு தமிழ் நூலுக்கும் பதிவு எழுத, கங்கைக் கரையிலும் தமிழறிந்த கைகள் தேவைப்பட்டன. வேலை தேடி வடக்கே வந்த தமிழ் இளைஞருக்குச் சுருக்கெழுத்தும் தட்டச்சும் மட்டுமே துணை என்று எண்ணியிருந்த நாளில், தாய்மொழி அறிவே ஊதியம் தந்த இடங்களில் அதுவும் ஒன்று.

இதன்பின் வரலாறு இரண்டு வழியாகப் பிரிகிறது. ஒருவழி மேல்நோக்கியது. பட்டயம் பட்டமாகியது, பட்டம் முதுகலையாகி, ஆய்வுப் பட்டமும் ஆயிற்று. அரங்கநாதன் தம் சேமிப்பிலிருந்து ஓரிலக்கம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக் கழகத்திற்கு அளித்துத் துணைவியார் சாரதையின் பெயரில் பேராசிரியப் பதவி ஒன்றை நிறுவினார். 1962-இல் பெங்களூரில் ஆவணப் பயிற்சி மையம் எழுந்தது. அவர் 1972-இல் அந்நகரிலேயே மறைந்தார். மற்றொரு வழி கீழ்நோக்கியது. சில திங்களே நடைபெறும் சான்றிதழ் வகுப்புகளை வங்கம், பம்பாய், தில்லி முதலிய இடங்களின் நூலகச் சங்கங்கள் மாலை வேளைகளில் நடத்தின. பகலில் ஏவலராய் இருந்தவர், இரவு வகுப்பிற் படித்து உதவியாளரானது அவ்வழியேதான். எம் கருத்தில், நாட்டின் நூலகங்களைத் தாங்கி நிறுத்தியவை இவ்வெளிய வகுப்புகளே. ஆனால் பேச்சும் மானியமும் மேல்வழிக்கே சென்றன. எத்தனையோ நூலகங்களில் அட்டெண்டர் பதவிக்கு வந்தவர், தேநீர் கொணரவும் கோப்புச் சுமக்கவும் பழக்கப்பட்டாரேயன்றி, தசமப் புள்ளியைப் பற்றி ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

தொலைந்த நூலின் விலையைப் பொறுப்பாளர் ஊதியத்திற் பிடிக்கும் அச்சமும் இதனோடு சேர்ந்தது. அவ்வச்சம் உள்ளவர் நூலைத் திறந்து வைப்பாரா? கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக் கொள்வதே அவருக்கு அறிவுடைமை. மைய அரசின் பொது நிதி விதிகள் 2005-இல் வெளிவந்தபோது, ஆண்டில் வழங்கப்பெறும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவது இயல்பே, நேர்மைக்கேடோ கவனக்குறைவோ இல்லையெனில் அதனை ஏற்கலாம் என இடம் தந்தன. ஆயிரத்திற்கு ஐந்து என்னும் இந்த விதி தம் நூலகத்திற்கு உண்டென அறியாத பணியாளர் இன்றும் உளர். இதையும் பயிற்சியில் சேர்க்கலாகாதா?

பட்டியல் அட்டைகளின் காலம் முடிந்துவிட்டது. உலக நூலகங்களுக்கு அட்டை அச்சிட்டு வந்த அமெரிக்க நிறுவனம் ஒன்று 2015 அக்டோபரில் கடைசி அட்டையை அச்சிட்டு நிறுத்தியது. கணிப்பொறி, பட்டைக்குறி, தொலைநிலைக் கல்வி எல்லாம் வந்துவிட்டன. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 1989 முதல் அஞ்சல் வழியாக நூலகவியல் பட்டம் கற்பித்து வருகிறது. எனினும் திரும்பி வந்த நூலை அடுக்கில் வைப்பது இன்னும் மனிதர் கைதான். எந்தப் பொறியும் 894.8111-ஐ 894.812-க்கு முன் தானே நகர்த்தி வைப்பதில்லை.

சங்கங்களில் நாம் நடத்தும் நூலகங்களைப் பற்றியும் ஒரு சொல். ஞாயிறு மாலைகளில் ஊதியமின்றி வந்து அமரும் அன்பர்களே இங்கு நூலகரும் அட்டெண்டரும். ஊரிலிருந்து இரயிற் பெட்டியில் வந்த நூல்கள், ஓய்வு பெற்று ஊர் திரும்புவோர் விட்டுச் சென்ற நூல்கள், மறைந்தவர் இல்லத்தார் கொடுத்த நூல்கள் எனப் பல வழியில் சேர்ந்த செல்வம் அவர்கள் பொறுப்பில் உள்ளது. இத்தகைய மதிப்பியல் தொண்டர்களையும் மனத்திற் கொண்டு அரங்கநாதன் 1951-இல் கையேடு ஒன்று எழுதினார். எத்தனை நூல் வரை எத்தகைய பதிவேடு போதும், இரவல் கொடுப்பதை எவ்வாறு குறிக்கலாம், அலமாரிகளுக்கிடையே எவ்வளவு இடம் விடவேண்டும் என்பன போன்றவற்றைச் சிறு நூலகத்தார்க்கு ஏற்ற அளவில் சொல்லும் நூல் அது. சான்றிதழ் வகுப்பிற்குச் செல்ல ஓய்வில்லாத நம் அன்பர்கள் அதனைக் கையில் வைத்துக்கொண்டு, ஓர் அலமாரியில் தொடங்கலாம்: முதலில் நூல்களை எண் வரிசையில் நிறுத்துவது, அடுத்து ஒவ்வோர் ஆசிரியர் பெயரிலும் ஊர் எது, தந்தை எது, தன் பெயர் எது என்று பிரித்துப் பட்டியல் எழுதுவது. இரண்டாவது வேலைக்கு வீட்டிலுள்ள பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். தம் பெயரின் முதலெழுத்து எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்கத் தொடங்கும் வயதாயின் இன்னும் நன்று.